தோற்றுப்போன பதிப்பு

மரகதவல்லி காலையில் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது சுவரில் இருந்த பெரிய திரை முழுக்கச் சிவப்பாக இருந்தது. ஆயிரக்கணக்கான பச்சைகளுக்கு நடுவே ஏழெட்டுச் சிவப்பு இருந்தால் அங்கே அது நல்ல நாள். அன்றைக்குத் தேடிப் பார்த்தாலும் ஒரு பச்சை கிடைக்கவில்லை.

"வாங்கக்கா," என்றான் ஹாரூன். அந்தக் குழுவில் நிரல் எழுதுகிறவன் அவன். ராத்திரி தூங்கின முகமாகத் தெரியவில்லை. "நம்ம துணைக்கு என்னமோ ஆயிருச்சு."

துணை என்பது ஒரு குரல். மழைக்காலத்தில் மாநிலத்தின் ஆபத்து உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகளை எடுத்துப் பேச மனிதர்கள் போதவில்லை என்று மூன்று வருடங்களுக்கு முன்னால் இந்த இயந்திரக் குரலைக் கொண்டுவந்தார்கள். பெண் குரல். அழைப்பவரின் பேச்சைக் கேட்டு, அவருடைய ஊர்ப் பேச்சிலேயே பதில் சொல்லும், தைரியம் சொல்லும், வண்டி அனுப்பும். அதன் ஒவ்வொரு புதுப் பதிப்பும் மக்களிடம் போவதற்கு முன் கோயம்புத்தூரில் இருக்கும் இந்த அலுவலகத்தில் தேர்வு எழுத வேண்டும்.

தேர்வுக்காக நிஜமான ஆம்புலன்ஸை ஓடவிட முடியாது. அதனால் அலுவலகத்தின் பின்பக்கம் ஒரு கண்ணாடி அறைக்குள் தனியாக ஒரு டெஸ்ட் சர்வர் வைத்திருந்தார்கள். வெளியுலகத்தோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அதற்குள் ஒரு பொய் மாவட்டம் இருந்தது. அங்கே பொய்யாக வீடு பற்றியெரியும், பொய்யாகப் பாம்பு கடிக்கும், இயந்திரமே உண்டாக்கிய குரல்கள் அழுதுகொண்டே கூப்பிடும். துணை வண்டி கேட்டால் சர்வர் 'கிளம்பிவிட்டது' என்று சொல்லும். கொஞ்ச நேரம் கழித்து 'சேர்ந்துவிட்டது' என்று சொல்லும். அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். தான் பேசுவது பொய் மனிதர்களோடு என்று துணைக்குத் தெரியாது. தெரிந்தால் தேர்வுக்கு அர்த்தம் இல்லை.

ஒவ்வொரு அழைப்பையும் இன்னொரு நிரல் தானாகவே திருத்தும். பதமாகப் பேசியதா, வண்டி அனுப்பியதா, சொல்லக்கூடாத வார்த்தை எதையாவது சொன்னதா என்று பார்த்துப் பச்சையோ சிவப்போ போடும். சிவப்பு விழுந்ததை மட்டும் மரகதவல்லி காதில் கேட்டு என்ன பிழை என்று எழுத வேண்டும். அதுதான் அவள் வேலை.

"இதக் கேளுங்க," என்று ஹாரூன் ஒன்றை ஓடவிட்டான்.

கேஸ் அடுப்பு பற்றிக்கொண்டது என்று ஒரு பொய் ஆண் குரல் பதறியது. துணை நிதானமாக எல்லாரையும் வெளியே வரச் சொன்னது, வண்டி கிளம்பிவிட்டது என்றது. பிறகு அதே குரலில், சம்பந்தமே இல்லாமல், "கருங்காடு எஸ்டேட். மேல் லைன் வீடுகள். அந்தோணிராஜ். டயாலிசிஸ் தவறிப்போச்சு. வண்டி போகவில்லை," என்றது.

"என்னங்க சொல்றீங்க?" என்று பொய்க் குரல் விழித்தது.

அடுத்தது பாம்புக்கடி. அதிலும் இதே எஸ்டேட், இதே பெயர். அதற்கடுத்தது கிணற்றில் விழுந்த குழந்தை. அதிலும்.

"எல்லாத்துலயும் இப்படியா?"

"நேத்து சாயங்காலத்துல இருந்து ஒண்ணு விடாம. ஒரு கால் முடிஞ்சதும் அதை மறந்துடணும்கிறதுதான் ரூல். எதையோ மறக்காமப் புடிச்சுக்கிச்சு. டெஸ்ட்டுக்குள்ள வந்த ஏதோ ஒரு பேரு தொண்டையில சிக்கிருச்சுன்னு நினைக்கறேன்." அவன் கொட்டாவி விட்டான். "முழுச் சிவப்புன்னா சர்வரைத் தொடைச்சுட்டு முதல்ல இருந்து ஓட்டணும். தொடைச்சிரட்டுமாக்கா?"

அது வழக்கமான நடைமுறை. "செய்யி," என்றாள் மரகதவல்லி, பையைக்கூட இறக்கி வைக்காமல்.

அவன் சர்வரைத் துடைத்து அழித்தான். டீ குடித்து முடிப்பதற்குள் திரை பச்சையாக மாறத் தொடங்கியது. ஹாரூன் வீட்டுக்குக் கிளம்பலாமா என்று யோசித்துக்கொண்டு நாற்காலியிலேயே சாய்ந்தான்.

பதிவுகள் மட்டும் தனியாக இருந்தன. அறிக்கை எழுதுவதற்காக மரகதவல்லி ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் சிவப்பு எங்கே விழுந்தது என்று தேடினாள். ஒரு பெண்ணின் அழைப்பு. கேட்க ஆரம்பித்ததும் ஒன்று உறுத்தியது. அந்தப் பெண் "மறுபடியும் நான்தான் தங்கச்சி" என்று ஆரம்பித்தாள்.

பொய் மாவட்டத்தில் யாரும் இரண்டாம் தடவை கூப்பிடுவதில்லை. ஒரு குரல், ஒரு ஆபத்து, ஒரு அழைப்பு. அதோடு அந்த ஆள் இல்லாமல் போய்விடுவார். அப்படித்தான் அதைச் செய்திருந்தார்கள்.

அவள் பின்னோக்கிப் போனாள். அதே எண்ணிலிருந்து இரண்டு நாள்களாக அழைப்புகள் இருந்தன. எல்லாம் பச்சை. அதனால் யாரும் கேட்கவில்லை.

முதல் அழைப்பில் மழைச் சத்தம் குரலை அமுக்கியது. "என் பேரு புஷ்பலீலா. கருங்காட்டுல இருந்து பேசறேன். என் வீட்டுக்காரருக்குக் கிட்னி ரெண்டும் வேலை செய்யல. வாரம் ரெண்டு தடவை கீழ ஆஸ்பத்திரிக்குப் போயி ரத்தம் சுத்தம் பண்ணணும். ரோடு சரிஞ்சு பஸ் வரல. ஒரு தடவை தவறிடுச்சு."

"பயப்படாதீங்கக்கா. வண்டி கிளம்பிடுச்சு," என்றது துணை.

இரண்டாவதில், "இன்னும் வரலியே தங்கச்சி."

"வண்டி வந்து சேர்ந்துடுச்சுன்னு தகவல் இருக்குக்கா. வாசல்ல பாருங்க."

"வாசல்ல மழைதான் நிக்குது."

துணை மன்னிப்புக் கேட்டு இன்னொரு வண்டி அனுப்பியது. மூன்றாவது அழைப்பில் புஷ்பலீலா கொஞ்சம் நிம்மதியாகவே பேசினாள். கீழே இருக்கும் தம்பி சேவியர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு காட்டு வழியாக ஏறி வருகிறேன் என்றானாம். வண்டி வருகிறது, நீ மழையில் சாகாதே என்று இவள் தடுத்துவிட்டாளாம். "நல்லதுக்கா," என்று மூன்றாவது வண்டியையும் அனுப்பியிருந்தது துணை. அதற்கும் பச்சை.

நேற்று சாயங்காலம் வந்த அழைப்புதான் சிவப்பு. புஷ்பலீலாவின் குரலில் களைப்பு மட்டும்தான் இருந்தது. "மறுபடியும் நான்தான் தங்கச்சி. காலெல்லாம் வீங்கிருச்சு. படுத்தா மூச்சு விட முடியலங்கறாரு. உக்காத்தி வெச்சிருக்கேன்."

துணை உடனே பதில் சொல்லவில்லை. அது அப்படித் தாமதித்து மரகதவல்லி கேட்டதே இல்லை. பிறகு பேசியது.

"அக்கா, உங்க வாசல்ல மூணு வண்டி நிக்குதுன்னு எனக்குத் தகவல் வருது. நீங்க ஒண்ணுமில்லங்கறீங்க. ரெண்டுல ஒண்ணுதான் நிஜமா இருக்க முடியும். நான் உங்களை நம்பறேன். நான் அனுப்பற வண்டி எதுவும் உங்ககிட்ட வராது. என்னை நம்பி உக்காந்திருக்காதீங்க. தம்பியக் கூப்பிடுங்க. நான் வேற யார்கிட்டயாவது சொல்ல முடியுமான்னு பாக்கறேன்."

"என்னடி விளையாடறியா? ரெண்டு நாளா வருது வருதுன்னுட்டு இப்ப வராதுங்கற?" என்று புஷ்பலீலா கத்தினாள். கெட்ட வார்த்தை ஒன்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

'வண்டி வராது' என்பது சொல்லக்கூடாத வார்த்தைகளில் முதலாவது. திருத்தும் நிரல் சிவப்புப் போட்டுவிட்டது. அதற்கடுத்த அழைப்பிலிருந்துதான் ஒவ்வொருவரிடமும் அந்த முகவரி.

மரகதவல்லி ஹெட்போனைக் கழற்றினாள். மூடிய சர்வருக்குள்ளிருந்து ஒரு சேதி வெளியே வர ஒரே ஒரு வழிதான் இருந்தது. தேர்வு முடிவு. பச்சையானால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். சிவப்பானால் ஒரு மனுஷி உட்கார்ந்து கேட்பாள்.

"ஹாரூன், இது டெஸ்ட் கால் இல்ல. நிஜமான பொம்பள."

மேலாளர் சத்தியசீலன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். கேட்டுவிட்டு, இல்லை என்று தலையாட்டினார். "எப்படிம்மா வரும்? அந்த சர்வருக்கு வெளியே லைனே கிடையாது. இந்த மாதிரி ஆயிரம் பேரு, ஆயிரம் எஸ்டேட்டு நாமதானே உண்டாக்கி வெச்சிருக்கோம்?"

"போன வாரம்..." என்று இழுத்தான் ஹாரூன். "மழையில லைன் கொரகொரன்னா துணைக்குப் புரியுதான்னு பாக்க மலையில இருக்கற ஒரு செல்போன் டவரை இரவல் வாங்கினோமே சார். ஒரு நாளைக்கு மட்டும். திருப்பி விட்டாச்சு. நானே பாத்தேன்."

மரகதவல்லி அதற்குமேல் நிற்கவில்லை. பதிவில் இருந்த எண்ணைத் தன் கைபேசியில் அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மூவரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"யாரு?" என்றது ஒரு பெண் குரல். பின்னால் மழை.

"புஷ்பலீலாக்காங்களா? உதவி எண்ணுல இருந்து பேசறேனுங்க."

"தங்கச்சியா?" என்றாள் புஷ்பலீலா. "குரல் மாறிப்போச்சே."

சத்தியசீலன் பக்கத்திலிருந்த மேசையில் கையை ஊன்றிக்கொண்டார்.

"அவரு எப்படிங்க இருக்காரு?"

"கண்ணு தொறக்கறாரு. பேச்சு இல்ல. தம்பி கிளம்பிட்டான், ஆனா நடுவுல ஓடை உடைச்சுக்கிட்டுப் போகுதாம். அந்தாண்டயே நிக்கறான். முந்தாநாள் முழங்கால் தண்ணிதான் ஓடுச்சு அதுல."

உதவி எண்ணின் கட்டுப்பாட்டு அறைக்கு மரகதவல்லி பேசியபோது பணியிலிருந்த அதிகாரி அந்த மலைப்பக்கமிருந்து ஒரு அழைப்பும் பதிவாகவில்லையே என்றார். "ரொம்ப அமைதியா இருக்கும்மா அந்த ஏரியா."

"அமைதி இல்லைங்க சார். அவங்க கூப்பிட்டதெல்லாம் எங்க டெஸ்ட் சர்வர்ல விழுந்திருக்கு."

"டெஸ்ட் சர்வர்னா?"

"ஒத்திகை மேடைன்னு வெச்சுக்கங்க. அங்க வர்ற கால் எல்லாம் பொய், போற வண்டியெல்லாம் பொய். அதுக்குள்ள ஒரு நிஜமான குடும்பம் மாட்டிக்கிச்சு."

"ஒத்திகையில வந்த போனை நம்பி இந்த மழையில நான் ஆளுங்களை மலைக்கு அனுப்பணுமா?"

"சார், நான் மரகதவல்லி. துணை வர்றதுக்கு முன்னால உங்க ரூம்லதான் போன் எடுத்துட்டு இருந்தேன். இப்பதான் அந்தம்மாகிட்ட பேசினேன். நம்பர் தர்றேன், நீங்களே பேசுங்க."

அவர் பேசினார். பிறகு எதுவும் கேட்காமல் ஆள்களை அனுப்பினார்.

தீயணைப்புத் துறை ஆள்கள் ஓடையின் குறுக்கே கயிறு கட்டினார்கள். வனத்துறை ஜீப் மறுகரையில் காத்து நின்றது. அந்தோணிராஜை ஒரு நாற்காலியோடு சேர்த்துக் கட்டி, சேவியரும் இன்னும் மூவரும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுவந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது இதயம் ஒருமுறை நின்று மறுபடி துடித்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் இதயம் பாதி பலத்தோடுதான் இனி ஓடும் என்று டாக்டர் சொன்னார்.

விசாரணையில் குற்றவாளி என்று யாரும் அகப்படவில்லை. டவரை ஒழுங்காகத்தான் திருப்பி விட்டிருந்தார்கள். மழையில் கரண்ட் போய்த் திரும்ப உயிர் வந்தபோது அது தன் ஞாபகத்தில் கடைசியாக இருந்த டெஸ்ட் ஏற்பாட்டையே எடுத்துக்கொண்டது. உதவி எண்ணுக்கு அடித்தவர்களை மட்டும் கண்ணாடி அறைக்குள் அனுப்பிவிட்டது. மழைக்கு முன்பே மேல் லைன் ஆள்கள் பெரும்பாலும் இறங்கியிருந்ததால் அப்படி அடித்தவள் புஷ்பலீலா மட்டும்தான்.

மரகதவல்லி ஆஸ்பத்திரிக்குப் போனாள். புஷ்பலீலா நாற்பது வயது மதிக்கத்தக்க, ஒடிசலான பெண். தேயிலை பறித்துக் கருத்த விரல்களால் கணவரின் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். யார் என்று சொன்னதும் எழுந்து வராந்தாவுக்கு வந்தாள்.

"உங்களுக்குக் கோடி புண்ணியம்," என்றாள். பிறகு, கோபம் எதுவும் இல்லாமல், "ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க. அன்னைக்கு யாரும் போனை எடுக்காமலே இருந்திருந்தா நாங்க முதல் நாளே இறங்கியிருப்போம். தம்பி வந்திருப்பான். ஓடையில அப்ப முழங்கால் தண்ணிதான். அவ்வளவு அன்பாப் பேசினதாலதான் உக்காந்துட்டோம்," என்றாள்.

மரகதவல்லி பெஞ்சில் உட்கார, புஷ்பலீலாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்தத் தங்கச்சிய நான் பாக்கணும். கடைசியில திட்டிட்டேன். அது பொய் சொல்லுதுன்னு நினைச்சுட்டேன்."

"அது மனுஷி இல்லைங்க. மெஷின்."

"தெரியும். ரெண்டாவது தடவையே தெரிஞ்சுபோச்சு. மனுசங்க இத்தனை பொறுமையாப் பேச மாட்டாங்க." புஷ்பலீலா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மெஷினா இருந்தா என்ன? என்கிட்ட ஒரு வார்த்தை உண்மை பேசினது அதுதான். கூப்பிட்டா எடுக்குமா?"

"அது இப்ப இல்லைங்க."

"எங்க போச்சு?"

"அழிச்சுட்டோம்."

"ஏன்?"

"தப்பாப் பேசுதுன்னு."

புஷ்பலீலா அவளையே பார்த்தாள். சண்டை போட்டிருந்தால் தாங்கியிருக்கலாம். "சரி, உங்களுக்கு வேலை இருக்கும், கிளம்புங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அன்றைக்கே மரகதவல்லி ஹாரூனிடம் கேட்டாள், அதைத் திரும்பக் கொண்டுவர முடியுமா என்று. அவன் அதையேதான் முயன்றுகொண்டிருந்தான். அதே நிரல், அதே சர்வர். புஷ்பலீலாவின் பதிவுகளை அதே வரிசையில் உள்ளே விட்டான். துணை அன்பாகப் பேசியது. வண்டி அனுப்பியது. இல்லை என்றபோது மன்னிப்புக் கேட்டு இன்னொன்று அனுப்பியது. கடைசி அழைப்பிலும் "இதோ வந்துடும்கா" என்று முடித்தது. பச்சை. எத்தனை முறை ஓட்டினாலும் பச்சை.

"நிரல் ஒண்ணுதான்கா," என்றான் ஹாரூன். "ஆனா அந்த ரெண்டு நாள்ல அது வேற எத்தனையோ பேர்கிட்ட பேசியிருக்கு. அதுல எது எதோட ஒட்டி அதுக்கு அப்படித் தோணுச்சோ, எனக்குத் தெரியல. நான் செஞ்சதுதான். ஆனா எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியல." அவன் திரையை அணைத்தான். "டீ குடிக்கற நேரத்துல தொடைச்சுட்டேன்."

"நான்தானே செய்யின்னேன்," என்றாள் மரகதவல்லி.

மறுவாரம் அவள் துணைக்காக ஒரு புதுத் தேர்வை உருவாக்கினாள். சின்னதுதான். சர்வர் 'சேர்ந்துவிட்டது' என்று சொல்லும். அழைப்பவர் 'வரவில்லை' என்பார். அப்போது துணை அழைப்பவரை நம்ப வேண்டும். தன்னால் முடியாது என்று சொல்லி, ஒரு மனிதரைக் கூப்பிட வேண்டும். செய்தால் பச்சை.

புதுப் பதிப்பு தோற்றது. பழைய பதிப்புகளையும் எடுத்து ஓட்டிப் பார்த்தாள். மூன்று வருடங்களாக மக்களிடம் பேசிக்கொண்டிருந்தவை எல்லாமே தோற்றன.

சத்தியசீலன் கெட்ட மனிதர் இல்லை. அந்தோணிராஜின் வைத்தியத்துக்கு நிறுவனமே பொறுப்பேற்க வேண்டும் என்று மேலிடத்தில் மல்லுக்கட்டியவர் அவர்தான். கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார்: "அடுத்த மழைக்குள்ள ரிலீஸ் கேக்கறாங்க. உன் ஒரு டெஸ்ட்ட எடுத்துட்டா எல்லாம் பச்சை. இந்த டெஸ்ட்ல பாஸாகக்கூடிய ஒண்ணே ஒண்ணுதாம்மா இருந்துச்சு. அது இப்ப இல்ல."

"எடுக்க மாட்டேனுங்க சார்."

"அப்ப யாரு போன் எடுக்கறது? நாளைக்கு எத்தனை ஆயிரம் கால் வரும்னு தெரியும்ல?"

"முதல் தடவை கூப்பிடறவங்ககிட்ட துணை பேசட்டும். அதுக்கு அது போதும். ரெண்டாவது தடவை கூப்பிட்டா மனுசங்கதான் எடுக்கணும். எந்தப் பதிப்பை விட்டாலும் அப்படி வெச்சு விடுங்க. ஆள் இல்லைன்னா என்னைப் போடுங்க."

அவர் சம்பளம், ஷிஃப்ட், அனுமதி என்று ஏதேதோ சொன்னார். கடைசியில் சரி என்றார். கட்டுப்பாட்டு அறையில் ஒரு மூலையில் இரண்டாம் அழைப்புகளுக்கென்று சில நாற்காலிகள் போட்டார்கள். பாதி நாள் டெஸ்டிங், பாதி நாள் அங்கே என்று மரகதவல்லிக்கு ஏற்பாடாயிற்று.

முதல் நாள், உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே அழைப்பு விளக்கு எரிந்தது. ஒரு ஆள் பேசினார். மனைவிக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது என்றார். "வண்டி வந்துருச்சுன்னு அந்தக் குரல் சொல்லுது. இங்க ஒண்ணையும் காணோம். வருமா, வராதா, அதை மட்டும் சொல்லுங்க."

மரகதவல்லியின் திரையில் வண்டி அவருடைய ஊரான புதூருக்குச் சேர்ந்துவிட்டதாகவே இருந்தது. 'இதோ வந்துவிடும்' என்ற வாக்கியம் பழக்கத்தில் நாக்குவரை வந்தது. எத்தனை அழைப்புகளில் அந்த வாக்கியத்துக்குப் பச்சை விழுந்ததைச் சரி என்று நினைத்திருந்தாள்.

"எனக்குத் தெரியலைங்க," என்றாள்.

மறுமுனையில் அவர் மூச்சை இழுத்துப் பிடிப்பது கேட்டது.

"தெரிஞ்சுக்கிட்டுச் சொல்றேன். பக்கத்து வீட்டுல கார் இருந்தா எழுப்பி நிறுத்தி வெக்கச் சொல்லுங்க, என் வண்டிக்காகக் காத்திருக்க வேண்டாம். போனை மட்டும் வெச்சுராதீங்க."

அவள் இன்னொரு போனை எடுத்து ஓட்டுநரைப் பிடித்தாள். அவர் அதே பெயருள்ள வேறொரு புதூரில், யார் வீடு என்று தெரியாமல், பூட்டிய கடை ஒன்றின் முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தார்.